கதவிடுக்கில் ஒரு கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அருகில் நின்று பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. அந்தக் காரின் என்ஜினுக்குள் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதே தொழிற்சாலை மாட்டிய கதவின் பின்விளிம்பைப் பார்த்தால், மேலே 4 மி.மீ. இடைவெளி, கீழே 6 மி.மீ. இடைவெளி. வலப்பக்கக் கதவு ஒரு மாதிரி, இடப்பக்கக் கதவு இன்னொரு மாதிரி. பானட்டின் ஒரு மூலை சற்றே தூக்கி நிற்கிறது. அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த இன்றைய சிறிய காரிலோ நான்கு பக்கமும் ஒரே சீரான கோடு. மயிரிழை அளவுக்கு உலோகத்தைக் கடைந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கதவை நேராக மாட்ட வராமல் போனது எப்படி?

கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைகூட ஆகாது. கதவோரத்தில் கண்ணுக்குத் தெரியும் கோணல் பெரும்பாலும் கதவில் பிறந்ததே இல்லை. காரின் அடியிலும் நடுவிலும் பிறந்த சிறுசிறு பிழைகள் எல்லாம் நகர்ந்து நகர்ந்து, ஒளிய வேறு இடமில்லாமல் வந்து சேரும் இடம் அந்த இடைவெளி. அதனால் அதைச் சரிசெய்யக் கிளம்புபவர் விளிம்பில் கை வைக்கும் முன் பிழையின் பிறப்பிடத்தைத் தேடிப் போகவேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இதற்குச் சான்றாக ஒரே காரை எடுத்துக்கொள்வோம்: அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் 1968 முதல் 1982 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரித்த மூன்றாம் தலைமுறை கார்வெட்.

கண்ணின் கூர்மை

இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் நம் கண்ணுக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். விழித்திரையில் ஒளியை உணரும் கூம்புச் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் நெருக்கத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒருவரால் சுமார் 0.3 மி.மீ.க்குக் குறைந்த எதையும் பிரித்தறிய முடியக்கூடாது. ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா, ஒன்று விலகியிருக்கிறதா என்று கேட்டால், நல்ல வெளிச்சத்தில் அதே தூரத்தில் 0.05 மி.மீ. விலகலைக்கூடக் கண் சொல்லிவிடும். ஒரு செல்லின் செய்தியை மட்டும் நம்பாமல், கோட்டின் நெடுகிலும் உள்ள பல செல்களின் செய்தியைச் சேர்த்து மூளை முடிவெடுப்பதால் இது முடிகிறது. இந்தத் திறனுக்குப் பார்வை ஆய்வாளர் ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர் 1975இல் ஒரு பெயர் சூட்டினார். தமிழில் அதை மிகைக்கூர்மை எனலாம்.

மிகைக்கூர்மை வேலை செய்வது ஒப்பீட்டில்தான். ஓர் இடைவெளி 4 மி.மீ.யா 5 மி.மீ.யா என்று தனியாகக் கேட்டால் பலர் தடுமாறுவார்கள். மேலே 4, கீழே 6 என்று அது ஆப்பு வடிவில் விரிந்தாலோ, கதவின் மேல் ஓடும் கோடு அடுத்த பேனலுக்குப் போகும்போது ஒரு படி இறங்கினாலோ, தொழில் தெரியாதவரும் 'ஏதோ சரியில்லை' என்பார். பளபளக்கும் பெயின்ட் இதை இன்னும் பெரிதாக்கும். பரப்பு ஒரு பாகை சாய்ந்தால் அதில் தெறிக்கும் ஒளி இரண்டு பாகை திரும்பும் என்பது கண்ணாடியின் விதி. அதனால் ஒரு பேனல் அடுத்ததைவிட லேசாகச் சாய்ந்து நின்றாலும், அதில் விழும் கட்டடத்தின் பிம்பம் சட்டென்று ஒடிந்து தெரியும். ஆக, பழுதுபார்ப்பவருக்கு முக்கியமானது இடைவெளியின் அகலம் அன்று, அதன் சீர்மை. எல்லா இடத்திலும் 5 மி.மீ. இருக்கும் கார், 3க்கும் 5க்கும் நடுவே அலையும் காரைவிட அழகாகத் தோன்றும்.

இடைவெளி இல்லாமல் முடியுமா?

ஒட்டினாற்போல் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று கேட்கலாம். முடியாது. கதவு திறக்கும்போது அதன் முன்விளிம்பு கீலைச் சுற்றி ஒரு வில்போல் சுழல்கிறது. பக்கத்துப் பேனலில் உரசாமல் சுழல அதற்கு இடம் வேண்டும். வெப்பம் அடுத்த காரணம். 40 பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டர் எஃகுத் தகடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் கிட்டத்தட்ட அதைப் போல் இரு மடங்கு. பிளாஸ்டிக் பேனல்கள் இன்னும் அதிகம். 1990இல் சந்தைக்கு வந்த சாட்டர்ன் கார்களில் பிளாஸ்டிக் பேனல்களைச் சுற்றி அகலமான இடைவெளி விட்டிருந்தது இந்த விரிவுக்காகத்தான். கார்வெட்டின் உடல் கண்ணாடியிழையை பாலியெஸ்டர் பிசினில் தோய்த்துச் செய்தது. அந்தப் பிசின் இறுகும்போது சற்றுச் சுருங்கவும் செய்யும். அச்சிலிருந்து எடுக்கும்போது இருந்த வடிவம் முழுதாகக் குளிர்ந்த பின் துளி மாறியிருக்கும். ஓடும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்வதையும் சேர்த்துப் பார்த்தால், இடைவெளி என்பது ஒவ்வொரு பேனலும் நகரவும் மூச்சுவிடவும் வேண்டுமென்றே ஒதுக்கிய இடம் என்பது புரியும்.

பிழைகள் கூடும் இடம்

எந்தப் பொருளையும் வரைபடத்தில் சொன்ன அளவுக்கு அப்படியே செய்ய முடியாது. 'இவ்வளவு வரை கூடலாம், குறையலாம்' என்று ஓர் எல்லை வைத்துத்தான் செய்கிறார்கள். பட்டறையில் டாலரன்ஸ் என்கிற அந்த எல்லையை இங்கே பொறுதி என்போம். ஒன்றோடொன்று தொடர்ந்து பூட்டப்படும் ஒன்பது பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் பொறுதி 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால் கடைசிப் பாகம் 9 மி.மீ. தள்ளி நிற்கும். சில பாகங்கள் கூடியும் சில குறைந்தும் இருப்பதால் பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிடும். பெரும்பாலான கார்களில் கடைசி விலகல் 3 மி.மீ.க்குள் அடங்கும் என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. ஒன்பது பாகத்துக்கு மூன்று, பதினாறு பாகத்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் அது வளரும். ஆனால் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால் மட்டுமே இந்த ஆறுதல் செல்லும். பாகங்களைப் பிடித்துவைக்கும் தாங்கி ஒன்றே கோணலாக இருந்தால், அன்று அதில் செய்த அத்தனையும் ஒரே பக்கம் சாயும்.

கடைந்தெடுத்த பாகங்களுக்கும் தகட்டுப் பாகங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் மூன்று கேடிலாக் கார்களை ஆணி ஆணியாகப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து, சிலவற்றுக்குப் பதில் கிடங்கிலிருந்து எடுத்த உதிரிகளையும் போட்டு, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அது பெரிய சாதனை. டியூவர் கோப்பை என்ற பரிசும் கிடைத்தது. கனத்த, விறைப்பான பாகங்களைத் தறித்து எடுக்கும்போது அந்தத் துல்லியம் கைவரும். மெல்லிய தகடு அப்படி அடங்காது. அச்சில் அழுத்தி எடுத்ததும் அது கொஞ்சம் பின்வாங்கும். வெல்டிங் சூட்டில் இழுக்கும். போல்ட்டை முடுக்கும்போது வளையும். பிஸ்டனின் துல்லியத்தைக் கதவிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

போண்டியாக் நிறுவனம் 1984 மாடலாகக் கொண்டுவந்த ஃபியரோ இதற்கு ஓர் அருமையான விடை கண்டது. எஃகுச் சட்டகம் முழுவதையும் முதலில் வெல்டிங் செய்து முடித்துவிடுவார்கள். பிழை எவ்வளவு சேரவேண்டுமோ அவ்வளவும் சேரட்டும் என்று விட்டுவிட்டு, அதன் பிறகு ஒரு பெரிய எந்திரத்தில் அந்தச் சட்டகத்தை ஏற்றி, பேனல்கள் பூட்டும் திண்டுகள் அனைத்தையும் ஒரே பிடியில் செதுக்கித் துளையிடுவார்கள். அதுவரை சேர்ந்த பிழை அந்த ஒரே வெட்டில் கழிந்துவிடும். கார்வெட்டில் அந்த வசதி இல்லை. அங்கே பிழையைக் கைவேலையால்தான் பங்கிட்டாக வேண்டியிருந்தது.

ஒரு கதவு, இரண்டு மில்லிமீட்டர்

இப்போது கதவுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்கச் சில முழு எண்கள்: கதவின் நீளம் 120 செ.மீ.; மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 30 செ.மீ.; கதவின் பின்விளிம்பின் உயரம் 50 செ.மீ. தொடக்கத்தில் பின்விளிம்பு நெடுக 5 மி.மீ. இடைவெளி சீராக இருந்தது. பல வருடம் திறந்து மூடியதில் மேல் கீலின் முளையும் அதைச் சுற்றியுள்ள பித்தளைப் புஷ்ஷும் தேய்கின்றன. கதவின் எடை அந்தக் கீலை வெளியே இழுக்க, மேல் கீல் 1.2 மி.மீ. விலகிவிட்டது. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு. கதவின் நீளமோ கீல்களின் இடைத்தூரத்தைப் போல் நான்கு மடங்கு. அதனால் கதவின் பின்முனை நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 5 மி.மீ. கீழே இறங்கும். கதவு முழுவதும் சேர்ந்து சாய்வதால் அதன் பின்விளிம்பும் சாயும்: மேல்முனை 1 மி.மீ. பின்னால் தள்ளும், கீழ்முனை 1 மி.மீ. முன்னால் வரும். இடைவெளி மேலே 4, கீழே 6. தொடக்கத்தில் நாம் பார்த்த அதே கோணல்.

இதைக் காணும் ஒருவர் நேரே விளிம்பில் வேலையைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். மேலே 1 மி.மீ. தேய்த்து எடுக்கிறார், கீழே 1 மி.மீ. பிசினும் இழையும் வைத்துக் கட்டுகிறார், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார். இடைவெளி இப்போது நெடுக 5 மி.மீ. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவு 5 மி.மீ. இறங்கியபடியே நிற்கிறது, உடலின் மேல் ஓடும் கோடு கதவோரத்தில் படி இறங்குகிறது. மூடும் ஒவ்வொரு முறையும் பூட்டின் கொண்டி கதவைத் தூக்கித் தூக்கி உட்காரவைப்பதால் கீல் இன்னும் வேகமாகத் தேய்கிறது. சில காலத்துக்குப் பிறகு வேறொருவர் புதுப் புஷ் போட்டுக் கீலைச் சரிசெய்கிறார். கதவு தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, இடைவெளி திரும்பவில்லை. மேலே 6, கீழே 4! தேய்த்த இடம் அகன்றுவிட்டது, கட்டிய இடம் குறுகிவிட்டது. முதலில் செய்த வேலை ஒரு பிழையை நீக்காமல் இரண்டாவது பிழையைச் சேர்த்ததுதான் மிச்சம். மழைக்காலத்தில் நிலையில் இடிக்கும் வீட்டுக் கதவை உடனே இழைக்காமல், முதலில் கீல் ஆணியை அசைத்துப் பார்க்கும் தச்சரின் நிதானம் இங்கே தேவைப்படுகிறது.

கீலை எப்படிச் சோதிப்பது? பூட்டின் கொண்டியைக் கழற்றிவிட்டால் கதவு தன் உண்மையான நிலையில் நிற்கும்; கொண்டி இருக்கும்வரை அது கதவைத் தாங்கிப் பிடித்து இறக்கத்தை மறைத்துவிடும். பிறகு கதவைப் பாதி திறந்து, பின்முனையைக் கையால் மேலே தூக்கவேண்டும். முளை புஷ்ஷுக்குள் ஆடினால் குற்றம் கீலில். ஆட்டமே இல்லாமல் கதவு கெட்டியாக இருந்தும் மேலே குறுகி, கீழே அகன்ற இடைவெளி இருந்தால், கதவைக் குறைசொல்ல எதுவும் இல்லை. தேடல் காரின் அடிப்பக்கம் போகவேண்டும்.

சேசிஸில் எழுதிய எண்

கார்வெட்டின் உடல் தனி, சேசிஸ் தனி. எஃகுச் சேசிஸின் மேல் கண்ணாடியிழை உடலை இறக்கி, பக்கத்துக்கு நான்கு இடத்தில் போல்ட் போட்டுப் பூட்டுவார்கள். உடலும் சேசிஸும் எந்த இடத்திலும் சரியாகத் தொட்டு உட்காராது. எங்கே எவ்வளவு குறைகிறதோ அங்கே அவ்வளவு ஷிம், அதாவது மெல்லிய தகட்டுத் துண்டுகள், செருகப்படும். ஒவ்வொரு காரிலும் ஒவ்வோர் இடத்திலும் இந்த எண்ணிக்கை வேறு. இந்த இடத்துக்கு இத்தனை ஷிம் என்று தொழிற்சாலையில் சேசிஸின் மேலேயே மெழுகுப் பென்சிலால் எழுதிவைத்தார்கள். பழைய கார்வெட்டின் உடலைத் தூக்கிச் சேசிஸைத் துடைக்கும் மீட்டமைப்பாளர்கள் அந்தக் கையெழுத்து எண்களை இன்றும் பார்க்கிறார்கள். ஒரு காரின் பிழை எவ்வளவு, அது எப்படிப் பங்கிடப்பட்டது என்பதற்கு அதைவிட நேரடியான ஆவணம் கிடையாது.

ஷிம் போடுவதற்கும் கதவிடுக்குக்கும் என்ன தொடர்பு? கூரை இல்லாத, அல்லது கூரையின் பெரும்பகுதியைக் கழற்றக்கூடிய காரின் உடல் நாம் நினைப்பதைவிட வளையக்கூடியது. இந்தக் கார்வெட்டின் கூரையை ஒரே துண்டாகக் கழற்றும்படிதான் முதலில் திட்டமிட்டார்கள். உடல் முறுக்கிக்கொண்டதால் நடுவே ஒரு சட்டத்தைச் சேர்க்க வேண்டிவந்தது. அப்படிப்பட்ட உடலின் நடுப்பகுதி லேசாகத் தொய்ந்தால் கதவுத் திறப்பின் முன்தூணும் பின்தூணும் மேல்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். மேலே இடைவெளி குறுகும், கீழே விரியும். கீல் தேய்ந்தால் வரும் அதே அறிகுறி! நடுப்பகுதியைத் தாங்கும் போல்ட்டுகளில் ஒரு ஷிம் கூட்டினால் தொய்வு நிமிரும், கதவின் மேல் இடைவெளி திறக்கும். கதவைத் தொடாமலே கதவு சரியாகும். மாறாக, உடலைத் தூக்கியவர் ஷிம்களைத் தொலைத்துவிட்டு எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் புதிதாகப் போட்டால், அதுவரை நேராக இருந்த கதவுகள் இரண்டும் கோணலாகும். வெளியே ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

துருவும் இதில் பங்கு கொள்கிறது. கண்ணாடியிழை துருப்பிடிக்காது என்ற தைரியத்தில் பலர் உள்ளே பார்ப்பதில்லை. ஆனால் முன்கண்ணாடியையும் கதவுத் தூண்களையும் சுற்றி உள்ளே ஓடுவது எஃகுச் சட்டகம்; கீல் பூட்டியிருப்பதும் அதில்தான். அது அரித்திருந்தால் எத்தனை ஷிம் போட்டாலும் நிற்காது.

எது முதலில், எது கடைசியில்

இதுவரை சொன்னதிலிருந்து வேலையின் வரிசை தானாகவே வந்துவிடுகிறது. நம் கண் முதலில் பார்ப்பது விளிம்பை; கை கடைசியாகத் தொடவேண்டியதும் விளிம்பையே. கார் தன் சக்கரங்களின் மேல், என்ஜினும் கண்ணாடிகளும் இருக்கையும் ஏறிய முழு எடையோடு நிற்கவேண்டும். தாங்கிகளின் மேல் வெறும் கூடாக நிற்கும்போது சரிசெய்த இடைவெளி, எடை ஏறியதும் மாறிவிடும். அடுத்து உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவேயுள்ள ஷிம்கள், அதன்பின் கீல்கள். அதன்பின் கதவை அசையாத ஒரு பகுதிக்கு ஏற்றபடி நிறுத்தவேண்டும். கார்வெட்டில் கதவுக்கு முன்னால் உள்ள ஃபெண்டரும் பின்னால் உள்ள குவார்ட்டர் பேனலும் உடலோடு ஒட்டப்பட்டவை, நகராதவை. நகரக்கூடியது கதவு மட்டுமே. ஆகவே கதவு அவற்றுக்கு அடங்கவேண்டும். போல்ட் போட்ட ஃபெண்டர்கள் உள்ள கார்களில் முதலில் கதவைப் பின்பகுதிக்கு ஏற்றவாறு வைத்து, பிறகு ஃபெண்டரைக் கதவுக்கும், கடைசியில் பானட்டை ஃபெண்டருக்கும் பொருத்துவார்கள். புதிதாக மாட்டிய ரப்பர் விளிம்புகள் கதவை வெளியே தள்ளும் என்பதால் அவை இருக்கும்போதும் இல்லாதபோதும் பார்ப்பது நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் அரை, ஒரு மில்லிமீட்டரைத்தான் தேய்த்தோ கட்டியோ நேராக்கவேண்டும். வெறும் பட்டியை விளிம்பில் வைத்தால் கதவு அடிக்கும் அதிர்ச்சியில் பெயர்ந்துவிடும். கண்ணாடியிழையில் இழை கலந்த பிசினும், எஃகில் விளிம்போரம் வெல்டிங் செய்த மெல்லிய கம்பியுமே நிலைக்கும்.

'தொழிற்சாலையிலேயே அப்படித்தானே?'

இந்த வாதத்துக்கு இரண்டு ஆட்சேபணைகள் உண்டு. ஒன்று: இரண்டு மில்லிமீட்டருக்கா இத்தனை பாடு? காரின் வேகத்திலோ பிரேக்கிலோ இது ஒன்றும் செய்யாதே. உண்மைதான், ஓட்டத்தில் செய்யாது. ஆனால் ஆப்பு வடிவ இடைவெளி உள்ள இடத்தில் ரப்பர் சீராக அழுந்தாது. அங்கே மழைநீர் நுழையும், காற்று ஊளையிடும். அதைவிட முக்கியமாக, அந்த இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்த கீலுக்கோ, அரித்த தூணுக்கோ, ஒரு பழைய விபத்துக்கோ வெளியே தெரியும் ஒரே சாட்சியாக இருக்கக்கூடும். விளிம்பைத் தேய்த்துச் சரிக்கட்டுபவர் அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறார்.

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. இந்தக் கார்கள் தொழிற்சாலையை விட்டு வந்தபோதே இடைவெளிகள் சீராக இல்லை. இன்று அவற்றை ஒரே கோடாக்கினால் வரலாற்றைத் திருத்துவதாகாதா? 1974இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய கார்வெட் மீட்டமைப்பாளர் சங்கம் இதில் தெளிவாக இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து கார் எப்படி வந்திருக்குமோ அப்படி இருப்பதே அங்கே அளவுகோல். அதை மீறிய மெருகு கூடுதல் மதிப்பெண் பெறாது. இந்த ஆட்சேபணையை நான் மதிக்கிறேன். ஆனால் இது என் வாதத்துக்கு எதிரானதல்ல, துணையானது. தேய்ந்த கீலும் தொலைந்த ஷிம்மும் தொழிற்சாலை செய்தவை அல்ல, காலம் செய்தவை; அவற்றை நீக்கினால் கார் தன் பிறந்த நிலைக்குத் திரும்பும், பிறவிக் கோணல் சிறிது இருந்தால் அதுவும் இருக்கட்டும். வரலாற்றை உண்மையில் திருத்துவது விளிம்பில் வைக்கும் அரமும் பிசினும்தான். கண்காட்சிக்கான காராக இல்லாமல் தினம் ஓட்டும் காராக இருந்தால் உரிமையாளர் விருப்பப்படி விளிம்பை நேராக்கிக்கொள்ளலாம். அதில் தவறில்லை, அடியில் எல்லாம் சரியாக இருந்து, அது கடைசி வேலையாக இருக்கும்வரை.

இன்றைய தொழிற்சாலைகளில் காமிராவும் லேசரும் கதவுத் திறப்பை அளந்து சொல்ல, ரோபோக் கை கதவைப் பொருத்துகிறது. பிழை அங்கேயும் ஒழிந்துவிடவில்லை. திறப்பு 2 மி.மீ. அகன்றிருந்தால், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பங்கிட்டு, கண் கண்டுபிடிக்க முடியாதபடி கதவை நடுவில் வைக்கிறது. ஷிம் எண்ணிப் போட்ட கைகள் செய்ததும் இதே பங்கீடுதான்.

பழைய காரின் உடலைத் தூக்கும் வேலை உங்கள் கைக்கு வந்தால், முதல் போல்ட்டைத் தளர்த்தும் முன் கதவோர இடைவெளிகளை மேல், நடு, கீழ் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஷிம்களை இடவாரியாகத் தனித்தனிப் பையில் கட்டி, எண்ணிக்கையை எழுதிவையுங்கள். சேசிஸைத் துடைத்துப் பெயின்ட் அடிக்கும் முன், தொழிற்சாலை எழுதிய எண்கள் எங்கேனும் மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.